கோச்சை மாற்றினால் வேல்ஸ் ஜெயிக்குமா? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேல்ஸ் ரக்பி அணி 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிடம் 73-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி கோச்சைத் திட்டுகின்றன, மீதிப் பாதி கோச்சைத் திட்டுகிறவர்களைத் திட்டுகின்றன. ஆகவே இந்த முறை முழுக்க வேல்ஸ்தான். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரக்பி அரைகுறையாகத்தான் தெரியும். ஒரு அணி தோற்பதற்கு ஏன் இத்தனை அமர்க்களம்? வேல்ஸ் அப்படி என்ன பெரிய அணியா?
*கோவை வாசகர்*

பெரிய அணிதான். சுமார் 31 லட்சம் பேர் இருக்கிற நாடு, ஆனால் ரக்பியில் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் நெஞ்சை நிமிர்த்தி எதிர்த்த நாடு. கரெத் எட்வர்ட்ஸ், பேரி ஜான், ஜேபிஆர் வில்லியம்ஸ் எல்லாம் ஆடிய எழுபதுகளில் மூன்று முறை கிராண்ட் ஸ்லாம், அதாவது ஐரோப்பியப் போட்டியில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை. அதெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2018-19இல் தொடர்ச்சியாக 14 டெஸ்ட் (ரக்பியில் நாடுகளுக்கு இடையிலான ஆட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள்) ஜெயித்தார்கள், 2019 ஆகஸ்டில் கொஞ்ச நாள் உலகத் தரவரிசையில் முதலிடத்திலேயே இருந்தார்கள்.

அங்கிருந்து விழுந்த விழுகையைப் பாருங்கள். 2023 அக்டோபர் 7 அன்று உலகக் கோப்பையில் ஜார்ஜியாவை ஜெயித்தார்கள். அடுத்த வெற்றி 2025 ஜூலை 12 அன்று ஜப்பானில், கோபே நகரில். நடுவில் 18 டெஸ்ட், பதினெட்டும் தோல்வி. 2024, 2025 இரண்டு ஆண்டும் ஆறு நாடுகள் போட்டியில் (மேலே சொன்ன ஐரோப்பியப் போட்டிதான்) ஒரு வெற்றிகூட இல்லாமல் கடைசி இடம். சொந்த ஊர் கார்டிஃபில் இங்கிலாந்திடம் 68-14. இதற்கு மேலும் அமர்க்களம் வேண்டாம் என்றால் எப்படி?

மூன்று கிராண்ட் ஸ்லாம் வாங்கித் தந்த கோச் வாரன் கேட்லாந்தை 2025 பிப்ரவரியில் போட்டியின் நடுவிலேயே வழியனுப்பினார்கள். நன்றி கெட்ட செயல் இல்லையா? பலவீனமான அணியை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்னதான் செய்வார்?
*கார்டிஃபில் வசிக்கும் ரசிகர்*

நன்றி வேறு, வேலை வேறு. 2008, 2012, 2019 மூன்றையும் யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. கேள்வி, 2022 டிசம்பரில் அவரை ஏன் திரும்ப அழைத்தார்கள் என்பது. அவருக்குப் பிறகு கோச்சான வெய்ன் பிவாக் 2021இல் கோப்பை ஜெயித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடமே கார்டிஃபில் இத்தாலியிடம் 22-21, ஜார்ஜியாவிடம் 13-12 என்று தோற்றார். வேல்ஸ் ரக்பி சங்கத்துக்குப் பதற்றம். பதற்றத்தில் பழைய ஆளைத் தேடினார்கள். ஆனால் அந்தப் பழைய ஆள் 2020இல் நியூசிலாந்தில் சீஃப்ஸ் அணியை வைத்துக்கொண்டு உள்நாட்டுப் போட்டியில் ஆடிய எட்டு ஆட்டமும் தோற்றிருந்தார் என்பதை யாரும் ஒரு நிமிஷம் யோசித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது முறை அவர் கணக்கு 26 டெஸ்டில் 6 வெற்றி. அலுன் வின் ஜோன்ஸ், டிப்யூரிக், கென் ஓவன்ஸ், பிகர், ஹாஃப்பென்னி, ஜார்ஜ் நார்த் என்று ஒரு தலைமுறையே ஒன்றரை வருடத்துக்குள் கழன்றுகொண்டது உண்மைதான், அது அவர் தப்பு இல்லை. 2024இல் இத்தாலியிடம் தோற்றதும் ராஜினாமா செய்யத் தயார் என்று அவரே சொன்னார், வேண்டாம் என்று சங்கத் தலைமை நிறுத்தி வைத்தது. அன்றைக்கே கௌரவமாக விட்டிருக்கலாம். பதிலாக இன்னும் ஒரு வருடம் தோற்க வைத்து, பாரிஸில் 43-0, ரோமில் 22-15 என்று வாங்கிய பிறகு பாதிப் போட்டியில் பிரிந்தார்கள். நன்றி கெட்ட செயல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நீங்கள் கேட்லாந்துக்குச் சலுகை கொடுக்கிறீர்கள். பந்தை எடுத்து நேராக எதிராளி மேல் மோதுவது மட்டும்தான் அவர் தந்திரம். அந்த 'வாரன்பால்' காலாவதியாகிப் பத்து வருடம் ஆகிறது. இன்றைய நிலைக்கு முழுக் காரணம் அவர்தான்.
*பெங்களூர் வாசகர்*

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஜேமி ராபர்ட்ஸ் மாதிரி ஒரு மலையை நடுவில் நிறுத்தி மோதவிட்டுப் பிறகு ஓரத்துக்குப் பந்தைக் கடத்துவது 2012இல் எடுபட்டது. அப்படி மோத உடம்பு வேண்டும், எண்பது நிமிஷம் தாக்குப்பிடிக்க வேண்டும். 2024இல் அவரிடம் இருந்தவர்கள் இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள். அந்தப் பையன்களை வைத்துக்கொண்டு அதே பாணியில் ஆடியது பிடிவாதம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் முழுக் காரணம் என்கிறீர்களே, அங்கேதான் நாம் பிரிகிறோம். கேட்லாந்தின் முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? 2008 பிப்ரவரி, ட்விக்கன்ஹாம். வேல்ஸ் அங்கே 20 வருடமாக ஜெயித்ததில்லை. நான்கு மாதம் முன்னால்தான் உலகக் கோப்பையில் ஃபிஜியிடம் தோற்று வெளியேறியிருந்தார்கள், அப்போதைய கோச் கரெத் ஜென்கின்ஸ் வேலை மறுநாளே போயிருந்தது. புது கோச் வந்தார், 26-19 ஜெயித்தார், எல்லோரும் மந்திரவாதி என்றார்கள். அன்று தொடக்கப் பதினைந்து பேரில் 13 பேர் ஆஸ்ப்ரேஸ் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். ஏற்கெனவே வாரா வாரம் சேர்ந்து ஆடி, ஒருவன் எங்கே ஓடுவான் என்று இன்னொருவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரிகிற ஒரு கூட்டத்தை அப்படியே தூக்கி வேல்ஸின் சிவப்புச் சட்டை போட்டு இறக்கினார். அது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தை அவர் உருவாக்கவில்லை.

றக்பி பார்த்தே வளர்ந்தவன் நான், எங்கள் ஊரில் பிரட்பி கேடயப் போட்டி என்றால் திருவிழா. வேல்ஸ் போன்ற நாட்டுக்கு எதற்காக எப்போதும் நியூசிலாந்துப் பயிற்றுவிப்பாளர்? சொந்த மண்ணின் ஆளைப் போட்டால் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து விளையாட மாட்டார்களா?
*கண்டி வாசகர்*

உங்களுக்கு ரக்பி ரத்தத்தில் இருக்கிறது, அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒருவன் டேக்கிள் (பந்தோடு ஓடுபவனைப் பிடித்துச் சாய்ப்பது) செய்வதில்லை. வேல்ஸுக்குக் கோச்சாக வந்த ஹென்றி, ஹேன்சன், கேட்லாந்து, பிவாக் எல்லோரும் நியூசிலாந்துக்காரர்கள்தான். கிராம் ஹென்றி 1998இல் வந்தபோது வேல்ஸ் அப்போதுதான் பிரிட்டோரியாவில் 96-13 தோற்றுத் திரும்பியிருந்தது. அடுத்த வருடம் வெம்ப்ளியில் ஸ்காட் கிப்ஸ் கடைசி நேரத்தில் ட்ரை போட்டு (எதிராளியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) இங்கிலாந்தை 32-31 வீழ்த்தினார்கள், அதே கோடையில் தென்னாப்பிரிக்காவை வரலாற்றிலேயே முதல் முறையாக ஜெயித்தார்கள்.

மண்ணின் மைந்தர் கதையும் இருக்கிறது. மைக் ரட்டக் 2005இல் கிராண்ட் ஸ்லாம் ஜெயித்தார், அதுவும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி ஆடி, பார்க்கவே அழகாக. ஒரு வருடத்தில், அடுத்த போட்டியின் நடுவிலேயே அவரும் போய்விட்டார். கார்டிஃபில் கோச் ஆவதைவிட அங்கே கோச்சாகவே நீடிப்பது கஷ்டம்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்டீவ் ஹேன்சன். 2002-03இல் தொடர்ச்சியாகப் பத்து டெஸ்ட் தோற்றார், அன்றைக்கு அது வேல்ஸின் மோசமான சாதனை. அவரை விரட்டவில்லை. அதே 2003 உலகக் கோப்பையில் அவருடைய பையன்கள் நியூசிலாந்துக்கு எதிராக 37 புள்ளி எடுத்துக் கலங்கடித்தார்கள் (தோற்றது 53-37), ரட்டக்கின் 2005 அணிக்கு அஸ்திவாரம் அங்கே விழுந்தது. ஹேன்சன் ஊருக்குத் திரும்பி 2015இல் நியூசிலாந்துக்கு உலகக் கோப்பையே வாங்கிக் கொடுத்தார்.

அப்படியானால் யார்தான் குற்றவாளி? கோச் இல்லை, வீரர்கள் இல்லை என்றால் பேயா?
*ஸ்வான்சியில் வேலை பார்க்கும் செவிலியர்*

உங்கள் ஊர்க் கிளப்பிலிருந்தே தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2003 வரை வேல்ஸில் ஊருக்கு ஊர் கிளப். லனெத்லி, நீத், ஸ்வான்சி, பாண்டிப்ரித், ஒவ்வொன்றுக்கும் நூறு வருடப் பகை, நூறு வருடப் பெருமை. 1972இல் லனெத்லி கிளப் நியூசிலாந்து தேசிய அணியையே 9-3 என்று ஜெயித்தது. வேல்ஸ் நாட்டு அணி நியூசிலாந்தைக் கடைசியாக ஜெயித்தது 1953இல்! அப்படிப்பட்ட கிளப்புகள். ஆட்டம் தொழில்முறை ஆனபின் இத்தனை கிளப்புக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை என்று சங்கம் எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து மண்டல அணிகளாக்கியது. ஒரே வருடத்தில் அதில் ஒன்று, செல்டிக் வாரியர்ஸ், மூடப்பட்டது. பாண்டிப்ரித், பிரிட்ஜெண்ட் பக்கத்து ஆட்கள் இருபது வருடமாகியும் அதை மன்னிக்கவில்லை. மிச்சம் நான்கு: கார்டிஃப், ஆஸ்ப்ரேஸ், ஸ்கார்லெட்ஸ், டிராகன்ஸ்.

இந்த நான்கும் சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டே வாழ்ந்தன. கேட்லாந்து ஜெயித்துக்கொண்டிருந்த வரை யாருக்கும் அது உறைக்கவில்லை. தேசிய அணி கோப்பை வாங்குகிறது, 74,500 பேர் உட்காரும் மைதானம் நிரம்புகிறது, சரி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். விதைநெல்லை விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கொரோனா, கடன், எல்லாம் ஒன்றாக வந்தது. 2024-25இல் ஒரு மண்டல அணி வீரர்களுக்குச் செலவழிக்க அனுமதித்த தொகை 45 லட்சம் பவுண்டு. பிரான்ஸின் முதல் நிலைக் கிளப்புகளுக்கு உச்சவரம்பே ஒரு கோடி யூரோவுக்கு மேல். நல்லவன் ஏன் நிற்பான்? நிற்க மாட்டான். போனாலும் தொல்லை, ஏனென்றால் 25 டெஸ்ட் ஆடாதவன் வெளிநாட்டுக் கிளப்புக்குப் போனால் வேல்ஸ் அணியில் இடமில்லை என்று விதி. அதுவும் முன்பு 60 ஆக இருந்ததை, 2023 பிப்ரவரியில் இங்கிலாந்து ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் ஒப்பந்தப் பிரச்சினையில் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டிய பிறகுதான் குறைத்தார்கள். தேசிய வீரர்கள் ஆட்டத்துக்கு முந்தின வாரம் சம்பளத்துக்காகப் போராடுகிற இடத்தில் எந்த கோச் வந்து என்ன பயிற்சி கொடுப்பார், நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் 2025 ஏப்ரலில் கார்டிஃப் கிளப் திவாலாகிச் சங்கமே எடுத்து நடத்த வேண்டி வந்தது. அக்டோபரில் அறிவிப்பு: நான்கு வேண்டாம், மூன்று போதும். கார்டிஃபில் ஒன்று, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. மேற்கே இருப்பது இரண்டு, ஸ்வான்சியின் ஆஸ்ப்ரேஸும் லனெத்லியின் ஸ்கார்லெட்ஸும். அதாவது 2008இல் 13 பேரைக் கொடுத்த கிளப்புக்கும், 1972இல் நியூசிலாந்தை ஜெயித்த ஊருக்கும் நடுவில் யாராவது ஒருவர் போக வேண்டும். தன் கிளப் அடுத்த வருடம் இருக்குமா என்று தெரியாத ஒரு இருபத்திரண்டு வயதுப் பையன் நவம்பரில் தென்னாப்பிரிக்க ஸ்க்ரம்மை, அதாவது எட்டுப் பேர் தோள் கோத்துத் தள்ளும் தள்ளலை, தாங்க வேண்டியிருந்தது.

எண்ணிக்கையைக் குறைப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. ஸ்காட்லாந்து எடின்பரோ, கிளாஸ்கோ என்று இரண்டை வைத்துக்கொண்டு ஓரளவு நன்றாகவே ஆடுகிறது. என் கோபம், அதை இருபது வருடம் தள்ளிப்போட்டுவிட்டு வீட்டில் தீப்பிடித்த பிறகு செய்கிறார்களே என்பதில்தான்.

வேல்ஸில் திறமையே வற்றிவிட்டது. பையன்கள் எல்லாம் கால்பந்துக்குப் போய்விட்டார்கள். இதுதான் நிஜம், மற்றதெல்லாம் சால்ஜாப்பு.
*துபாய் வாசகர்*

இங்கிலாந்து 68-14 என்று நசுக்கினதே, அதற்கு முந்தின நாள் அதே கார்டிஃபில் இருபது வயதுக்குட்பட்டோர் ஆட்டம். அதில் வேல்ஸ் பையன்கள் இங்கிலாந்துப் பையன்களை ஜெயித்தார்கள். திறமை வற்றவில்லை, இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் எங்கோ கசிகிறது. இம்மானுவேல் ஃபெயி-வபோசோ கார்டிஃபில் பிறந்து வளர்ந்த பையன், மருத்துவம் படிக்க எக்ஸிடர் போனான், அங்கேயே கிளப்பில் சேர்ந்தான், இன்றைக்கு இங்கிலாந்துக்கு ஆடுகிறான்.

தென்னாப்பிரிக்கா 2017இல் நியூசிலாந்திடம் 57-0 தோற்றது. கோச்சை மாற்றினார்கள், இரண்டே வருடத்தில் உலகக் கோப்பை. இதற்கு என்ன பதில்?
*சென்னை வாசகர்*

நல்ல கேள்வி, என் வாதத்துக்குச் சங்கடமான கேள்வியும்கூட. ஆமாம், அலிஸ்டர் குட்சியா இடத்தில் ராசி எராஸ்மஸ் வந்தது எல்லாவற்றையும் மாற்றியது. ஆனால் எராஸ்மஸ் வெறும் கோச்சாக வரவில்லை. நாட்டின் ரக்பி இயக்குநர் பதவியும் அவர் கையில்தான் இருந்தது. வெளிநாட்டில் ஆடுகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதில் இருந்த கட்டுப்பாட்டையும் தளர்த்தினார்கள். அதற்குக் கீழே சனிக்கிழமைதோறும் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும் பள்ளிக்கூட ரக்பி சேதமில்லாமல் நின்றது.

இதற்கு நேர் எதிர் ஆஸ்திரேலியா. 2023 ஜனவரியில் டேவ் ரென்னியை நீக்கிவிட்டு எடி ஜோன்ஸைக் கொண்டுவந்தார்கள், ஒன்பது டெஸ்டில் இரண்டு வெற்றி, உலகக் கோப்பை முதல் சுற்றையே தாண்டவில்லை. அவர்களை 40-6 என்று அடித்தது யார்? இதே வேல்ஸ்.

ஆறு நாடுகள் போட்டியிலிருந்து இத்தாலியைத் துரத்திவிட்டு ஜார்ஜியாவைச் சேருங்கள் என்று வேல்ஸ் ரசிகர்கள் கத்தியது நினைவிருக்கிறதா?
*மதுரை வாசகர்*

நன்றாக நினைவிருக்கிறது. இத்தாலி அந்தப் போட்டியில் தொடர்ச்சியாக 36 ஆட்டம் தோற்றது. 2022 மார்ச்சில் கார்டிஃபில் கபுவோசோ என்ற சின்னப் பையன் கடைசி நிமிஷத்தில் வளைந்து நெளிந்து ஓடி, படோவானிக்குப் பந்தைக் கொடுத்து, அந்தத் தொடரை முடித்து வைத்தான். அதன்பிறகு அந்தக் கோஷம் வேல்ஸ் பக்கமிருந்து கேட்கவில்லை. ஆறு நாடுகள் போட்டியில் கடைசியில் வந்தால் வெளியேற்றம் கிடையாது, ஏனென்றால் விதி எழுதுவதே அந்த ஆறு சங்கங்கள்தான். கடைசி இடம் வந்தவர் ஜார்ஜியாவோடு ஒரு ஆட்டமாவது ஆட வேண்டும் என்பது என் கட்சி. வேல்ஸ் தோற்றாலும் சரி.

லூயி ரீஸ்-ஸாமிட் அமெரிக்கக் கால்பந்து ஆடப் போனது துரோகமா?
*திருச்சி வாசகர்*

இல்லை. இருபத்திரண்டு வயதில் அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் நானும் போயிருப்பேன். 2025இல் திரும்பி வந்து ஜப்பானுக்கு எதிராக ட்ரையும் போட்டுவிட்டான், பழையதை விடுங்கள்.

கேட்லாந்துக்குப் பிறகு வந்த கோச் ஸ்டீவ் டேண்டி தடுப்பாட்ட நிபுணராம். முதல் நான்கு ஆட்டத்தில் 200 புள்ளி கொடுத்திருக்கிறார். இன்னும் எதற்கு அவர்?
*லண்டன் வாசகர்*

கணக்கு சரி. அர்ஜென்டினா 52, ஜப்பான் 23, நியூசிலாந்து 52, தென்னாப்பிரிக்கா 73. ஸ்காட்லாந்தின் தடுப்பாட்டத்தையும் 2021இல் லயன்ஸ் அணியின் (பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணி) தடுப்பாட்டத்தையும் கட்டியமைத்தவர் என்று பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அந்த 73-0 ஆட்டத்தை வைத்து அவரை எடை போட மாட்டேன். அது சர்வதேச ஆட்டங்களுக்கென்று ஒதுக்கிய காலத்துக்கு வெளியே வைத்த ஆட்டம், இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப்புகளில் இருக்கும் 13 பேரை வேல்ஸால் கூப்பிடவே முடியவில்லை. அப்படியொரு தேதியில் உலக சாம்பியனைக் கூப்பிட்டது டிக்கெட் காசுக்காக. காசு வந்ததோ இல்லையோ, சுமார் 50,000 பேர் முன்னால் மானம் போனது. இதற்குக் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் மைதானத்தில் ஓடவில்லை.

நியூசிலாந்துக்கு எதிராக டாம் ராஜர்ஸ் மூன்று ட்ரை போட்டதைப் பார்த்தீர்களா? வேல்ஸ்காரர் ஒருவர் அந்த அணிக்கு எதிராக அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. தாக்குதலில் ஏதோ ஒன்று பிறக்கிறது. ஸ்க்ரம்மும் முதல் டேக்கிளும் தேறவில்லை, அதில் டேண்டி பதில் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருடம் கொடுங்கள் என்பேன். ஹேன்சனுக்குக் கொடுத்தார்களே.

2027 உலகக் கோப்பையில் முதல் சுற்றாவது தாண்டுவார்களா?
*மீண்டும் கோவை வாசகர்*

தாண்டுவார்கள். 2025 நவம்பரில் ஜப்பானோடு 24-23, கடைசி நொடியில் ஜாரட் எவன்ஸ் பெனால்டி உதைத்து ஜெயித்தாரே, அந்த ஒரு உதையால்தான் தரவரிசையில் முதல் பன்னிரண்டுக்குள் நின்று குலுக்கலில் இரண்டாவது அடுக்கு கிடைத்தது. அதே பிரிவில் கூடவே இருப்பவர்கள் இங்கிலாந்து, டோங்கா, ஜிம்பாப்வே. 24 அணிகள், மூன்றாம் இடம் வருபவர்களில் நான்கு பேருக்கும் அடுத்த சுற்று உண்டு. இங்கிலாந்திடம் தோற்றாலும் மற்ற இரண்டையும் ஜெயித்தால் போதும். டோங்காவைக் கொஞ்சம் பயந்துகொண்டுதான் பார்ப்பேன்.

அடுத்த இதழில் கிரிக்கெட். கேள்விகளை ஒரு பக்கத்துக்குள் முடித்து அனுப்புங்கள், இந்த முறை பெங்களூர் வாசகர் பதினொரு பக்கம் எழுதியிருந்தார்.